பக்கம் ரீலோட் ஆகாமல் படிவம் நிரப்புவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் நம்மவர்கள் நடத்தும் இட்லி மாவுக் கடைக்கோ பலகாரக் கடைக்கோ ஆன்லைன் ஆர்டர் படிவம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். பின்கோடு அடித்ததும் டேட்டாபேஸிலிருந்து ஏரியா பெயர் தானாக வந்து விழ வேண்டும். பக்கத்தை ரீலோட் செய்யாமல் சர்வரிடம் தகவல் கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான ஃபெட்ச் (fetch) வைத்துப் பத்துப் பதினைந்து வரியில் எழுதிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

முதலும் மோசமுமான தவறு, கேட்ட வரிசையிலேயே பதிலும் வரும் என்று நம்புவது. ஒருவர் 400017 என்று அடிக்கிறார், அது தாராவி. உடனே 400019 என்று திருத்துகிறார், அது மாட்டுங்கா. சர்வருக்கு இரண்டு கேள்விகள் போய்விட்டன. லோக்கல் ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், முதல் கேள்வியின் பதில் கடைசியாக வந்து சேரலாம். பின்கோடு மாட்டுங்கா, ஏரியா தாராவி! ஆபீஸ் வைஃபையில் இது கண்ணில் படவே படாது. சர்வரில் 400017க்கு மட்டும் 3 வினாடி தாமதம் வைத்துச் சோதியுங்கள், உடனே தெரியும். புதுக் கேள்வி போகும்போது பழையதை அபார்ட்கன்ட்ரோலர் (AbortController, போன கேள்வியைப் பாதியில் நிறுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் வசதி) கொண்டு ரத்து செய்யுங்கள். அல்லது பதில் வந்ததும், கேட்ட எண்தான் இப்போதும் கட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். ஆறு இலக்கமும் முடியும் முன் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது, வாடிக்கையாளர் கையால் எழுதியதை அழிப்பது. ஒரே பின்கோடில் பல இடங்கள் வரும். தன் தெருவை அவருக்குத்தான் தெரியும். அவர் தொட்ட கட்டத்தை விட்டுவிடுங்கள்.

சர்வர் 404 (கேட்டது இல்லை), 500 (சர்வரிலேயே கோளாறு) என்று பதில் தந்தாலும் ஃபெட்ச் அதைப் பிழையாக எறியாது. ரெஸ்பான்ஸின் 'ஓகே' மதிப்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கட்டம் காலியாகவே நிற்கும், காரணமும் தெரியாது.

டிராப்டவுனில் ஆப்ஷன்களைச் சேர்க்கும் முன் மதிப்பைக் கொடுத்தால் அது ஒட்டாது. யாரும் மாற்றக் கூடாது என்று டிசேபிள் செய்த கட்டம் சப்மிட்டில் போகவே போகாது, எழுத்துக் கட்டத்துக்கு ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) போதும். படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் குறிப்பிடாவிட்டால் அது சப்மிட் பட்டன்தான். அழுத்தியதும் பக்கம் ரீலோட் ஆகும்.

பின்கோடை எஸ்க்யூஎல் (SQL, டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வரியில் நேரடியாக ஒட்டாதீர்கள். ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியாகக் கொடுக்கும் முறை) வழியாக அனுப்புங்கள். டெலிவரி கட்டணத்தையும் இப்படித் தானாக நிரப்பினால், சப்மிட் ஆனதும் சர்வரில் திரும்பக் கணக்கிடுங்கள். பிரவுசரில் இருக்கும் எந்த எண்ணையும் யாரும் மாற்றி அனுப்ப முடியும்.