மலை பிரித்தது, இனம் சேர்த்தது என்று எழுதிவிடும் முன்

தேசிய அரசுகள் எப்படி உருவாயின என்று விளக்கும்போது பலர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கதை கட்டுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

'இயற்கை எல்லை' என்ற பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிரனீஸ் மலை என்றும் இருந்தது. அதை எல்லையாக்கியது 1659ஆம் ஆண்டு உடன்படிக்கை. தனி மொழிகள் பேசும் கத்தலான்களும் பாஸ்குகளும் இன்றும் அதன் இருபுறமும் வாழ்கிறார்கள். பிரனீஸ் மலைக்குள் இருக்கும் செர்தான்யா பள்ளத்தாக்கையோ மலை பிரிக்கவே இல்லை. இரு நாட்டுத் தூதர்கள்தான் அதை நடுவே வெட்டினார்கள். அங்கே 33 கிராமங்கள் பிரான்சுக்குப் போயின. கொடுக்க வேண்டியவை கிராமங்கள்தான், அங்குள்ள லிவியாவோ கிராமமல்ல, நகரம் என்று வாதாடி ஸ்பெயின் அதை மட்டும் தக்கவைத்துக்கொண்டது. நாற்புறமும் பிரான்ஸ் சூழ்ந்திருக்க, அது இன்றும் ஸ்பெயினுக்கே சொந்தம்.

மலையும் கடலும் படை நகர்வதையும் வரி வசூலையும் கடினமாக்கலாம் அல்லது எளிதாக்கலாம். அதற்கு மேல் அவற்றின் தலையில் பொறுப்பை ஏற்றுவது மிகை.

இதைவிடப் பெரிய தவறு, அரசு பிறக்கும் முன்பே இனம் முழுமையாக உருவாகிக் காத்திருந்தது என்று எண்ணுவது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசுக்கு அறிக்கை அளித்த கிரெகுவார், பிரெஞ்சைச் செம்மையாகப் பேசுவோர் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்றார். மற்றவர்களைப் 'பிரெஞ்சுக்காரர்' ஆக்கியவை பிற்காலப் பள்ளியும் படைமுகாமும். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது அளவுகோல் மதம். துருக்கி மொழி பேசிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் 'கிரேக்கர்' எனவும், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் 'துருக்கியர்' எனவும் அனுப்பப்பட்டார்கள். யார் எந்த இனம் என்று முடிவு செய்தது ஒப்பந்தம்.

ஆப்பிரிக்க எல்லைகள் அனைத்தையும் ஐரோப்பிய அரசுகள் கூடிய 1884-85 பெர்லின் மாநாட்டில் வரைந்துவிட்டார்கள் என்பதும் வழக்கமான பிழை. பெரும்பாலானவை பின்னர் ஐரோப்பிய அரசுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் உருவானவை. விடுதலைக்குப் பின் 1964இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்களே அந்தக் கோடுகளை மதிப்பதாகத் தீர்மானித்தார்கள்.

ஒரே மொழி, ஒரே மதம் இருந்தால் நாடு நிலைக்கும் என்போர் சோமாலியாவைப் பார்க்கட்டும். மக்களில் மிகப் பெரும்பாலோர் சோமாலி மொழி பேசும், சோமாலி இனத்து முஸ்லிம்கள். ஆயினும் 1991இல் அரசு சரிந்தது. அப்போது தனிநாடு அறிவித்த அதன் வடபகுதியான சோமாலிலாந்து தனக்கென்று கோரியது, பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற பழைய எல்லைக்கோட்டைத்தான்.