அஞ்சலையின் 14 சாவிகள்: கேரக்டர் வரையத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது பிள்ளைகளுக்கு டிஜிட்டல் ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன் செல்போனை நீட்டி, "அண்ணா, இது என் ஓசி" என்றான். (ஓசி என்றால் சும்மா கிடைப்பது என்று மட்டுமே தெரிந்த என் வயதுக்காரர்களுக்கு: இந்தப் பிள்ளைகள் பாஷையில் அது சொந்தமாக உருவாக்கிய கதாபாத்திரம்.) இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துக் காட்டினான். கண்ணின் கருவிழிக்குள் நிலா தெரிகிறது, பெல்ட் பக்கிளில் ஒரு யாளி, யாளிக்குப் பல்கூட இருக்கிறது. விரலை எடுத்ததும் படம் பழைய அளவுக்கு வந்தது. அந்த ஆள் நிற்கிறானா உட்கார்ந்திருக்கிறானா என்றே எனக்குப் பிடிபடவில்லை. "இதையே பின்பக்கமா ஒரு தடவை வரைஞ்சு காட்டுப்பா" என்றேன். பையன் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். 2017இல் நானும் அப்படித்தான் சிரித்தேன், அதற்கு ஐந்து மாதம் தண்டனை அனுபவித்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தினமும் வரையுங்கள், உடற்கூறு படியுங்கள், அடிக்கடி சேவ் பண்ணுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், எனவே விட்டுவிடுகிறேன்.

பிரஷ் வேட்டை

முந்நூறு பிரஷ் இறக்கி வைத்திருக்கிறீர்கள். வரையப்போவது மூன்றில். மிச்சத்தை அழித்துவிடுங்கள்.

300 டிபிஐ போட்டுவிட்டேன், போதாதா?

போதாது. 1000க்கு 1000 பிக்சல் கேன்வாஸைத் திறந்து, டிபிஐ பெட்டியில் 300 என்று தட்டிவிட்டு, பிரிண்டுக்குத் தயார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த 300 என்பது ஒரு அங்குலத்துக்குள் எத்தனை பிக்சலை அடுக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும்தான். ஆயிரம் பிக்சலை அப்படி அடுக்கினால் சுமார் எட்டரை சென்டிமீட்டர் வரும், டீ கிளாஸ் வைக்கிற அட்டை அளவு. ஏ4 தாளில் அதே தரத்தில் அச்சாக வேண்டுமானால் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். முதலிலேயே அந்த அளவில் தொடங்குங்கள், சின்னதாக்குவது எப்போதும் சுலபம். அதற்காகப் பத்தாயிரம் பிக்சலில் திறக்கவும் வேண்டாம், ப்ரோக்ரியேட்டில் (ஐபேடில் வரைகிற செயலி) கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாகக் கிடைக்கிற லேயர்களின் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற கண்ணாடித் தாள் மாதிரியான அடுக்குகள்) எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும், சாதாரண செல்போன் என்றால் மூச்சு வாங்கும்.

கிட்டே போய் நகை பூட்டுவது

இதுதான் அந்த யாளிப் பல். என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

எனக்கு ஒரு கதாபாத்திரம் இருந்தாள். இரவில் தபால் கொண்டுபோகும் பெண். அஞ்சல் கொண்டுபோவதால் பெயர் அஞ்சலை, அந்தச் சிலேடையில் அப்போது எனக்கு அப்படி ஒரு பெருமை. ஐந்து கால் பின்னல், அதில் இரண்டு காலுக்கு மட்டும் சிவப்பு ரிப்பன். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்திய புள்ளிக்கோலம். கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை, மூன்று பக்கிள் வைத்த தோல் பை, இடுப்பில் 14 சாவி. ஒவ்வொரு சாவிக்கும் பல்வரிசை வேறு. ஒரே படம், பதினோரு நாள் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் ஆஹா என்றார்கள், அங்கேதான் ஆரம்பித்தது சனி.

குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு சின்னப் பதிப்பகம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அவளை வைத்தே 16 பக்கப் படக்கதை கேட்டார்கள். பக்கத்துக்கு 1,200 ரூபாய். பக்கத்துக்கு இரண்டு நாள் என்றால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று தலையாட்டினேன். பக்கத்துக்கு ஐந்து கட்டம் வீதம் மொத்தம் 80 கட்டம், அதில் 68 கட்டத்தில் அவள் வருகிறாள். 68ஐ 14ஆல் பெருக்கிப் பாருங்கள். 952 சாவி.

முதல் பக்கத்தில் பதினான்கையும் வரைந்தேன். இரண்டாம் பக்கத்தில் பன்னிரண்டு. அப்புறம் ஒரு சாவிக்கொத்தை வரைந்து பிரஷ்ஷாக்கி முத்திரை மாதிரி குத்திப் பார்த்தேன், அவள் திரும்பினாலும் குனிந்தாலும் கொத்து மட்டும் அசையாமல் முன்பக்கம் பார்த்து நின்றது. கண்டாங்கிக் கட்டத்தை டெக்ஸ்சராக ஒட்டினால் சேலைக்குப் பதில் இடுப்பில் செய்தித்தாள் சுற்றிய மாதிரி இருந்தது, மடிப்புக்கு மடிப்பு கையால்தான் போட வேண்டியிருந்தது. நான்காம் பக்கம் அனுப்பியதும் எடிட்டர் அக்கா போன் பண்ணினார். "தம்பி, பச்சை எந்தக் கையில?" முகம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்கக் கேன்வாஸைக் கண்ணாடி மாதிரி இடவலமாகத் திருப்பிப் போடுவோம் இல்லையா, நல்ல பழக்கம்தான், ஆனால் திருப்பிய நிலையிலேயே இரண்டு பக்கம் வரைந்து முடித்திருக்கிறேன். அஞ்சலையின் கோலம் வலது கைக்குப் போய்விட்டது, ரிப்பனும் பக்கம் மாறிவிட்டது. உடுப்பை மாற்றிவிடலாமா என்று கெஞ்சினேன். அட்டை ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது.

கடைசியில் என்ன செய்தேன் என்றால், பாதிப் புத்தகத்தில் அவளைச் சுவருக்குப் பின்னாலும் தபால் பெட்டிக்குப் பின்னாலும் நிற்க வைத்தேன். "இந்த அக்கா ஏன் எப்பவும் ஒளிஞ்சுக்கிறாங்க?" என்று ஒரு குழந்தை கேட்டதாக எடிட்டர் சொன்னார். ஐந்து மாத வேலைக்கு 19,200 ரூபாய். கணக்குப் போட்டால் வயிறு எரியும், விடுங்கள்.

காகிதத்தில் நிப் பேனாவால் வரைந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆறாவது சாவியில் கை வலித்திருக்கும், போதும் என்று நிறுத்தியிருப்பேன். திரையில் கை வலிப்பதில்லை. 400 சதவீதத்துக்கு விரித்து ஒரு சாவியைத் திரை முழுக்க வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அன்டூ, பிடித்தால் காப்பி. அந்த நேரத்தில் நாம் கதாபாத்திரத்தை வடிவமைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் ஒரு சாவியை வரைந்துகொண்டிருக்கிறோம். அந்த 400 சதவீதத்தில் நம்மைத் தவிர வேறு யாரும் அவளைப் பார்க்கப்போவதில்லை.

தினமும் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைந்து பிழைத்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். 1958இல் தொலைக்காட்சிக்கு வந்த கார்ட்டூன் யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருக்கும், உடம்பில் வேறு துணி கிடையாது. அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. அதைத் தயாரித்த ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோவுக்குப் பணமும் நேரமும் குறைவு. கரடி பேசும்போது உடம்பை அப்படியே வைத்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றி வரைந்தால் வேலை மிச்சம். தலையும் உடம்பும் சேருகிற ஒட்டைக் காலர் மறைத்துவிடும். நம் ஊர் காமிக்ஸ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் ஆளே மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முகம் இல்லை, உடம்பு இல்லை, ஆனாலும் அது யார் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஏன், பஸ் ஜன்னலிலிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறோம், ஊர் எல்லையில் மீசையும் ஓங்கிய அரிவாளும் தெரிந்தால் போதும், அது காவல் தெய்வம் என்று கை தன்னால் கன்னத்துக்குப் போகிறது. பக்கிளைப் போய்ப் பார்த்துவிட்டா கும்பிடுகிறோம்?

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். முதலில் கட்டைவிரல் அளவில் கறுப்பு நிழலாக மட்டும் பத்துப் பதினைந்து உருவம் போடுவேன், ஸூம் பண்ணக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம். ஒன்று பிடித்தால் அதையே பின்பக்கம், ஓடுவது, குனிந்து செருப்பு மாட்டுவது, அழுவது என்று பென்சில் கோட்டில் வரைவேன். செருப்பு மாட்டுகிற படத்தில் பல டிசைன்கள் செத்துப்போகும், பைகள் எங்கே தொங்கும் என்று அப்போதுதான் தெரியும். அப்புறம் ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து வரைவேன். எது மறந்துபோகிறதோ அதை எடுத்துவிடுவேன். உருவாக்கிய எனக்கே ஞாபகம் இல்லாதது பார்க்கிறவருக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? இத்தனையும் தாண்டி நுணுக்கம் வேண்டும் என்று கை அரித்தால் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் அனுமதி. அஞ்சலையை இன்று வரைந்தால் சாவி ஒன்றுதான், அவள் முழங்கை நீளத்துக்குப் பெரிதாக.

கதையை முதலில் எழுதுவது

நாற்பது பக்கத்துக்கு வம்ச வரலாறு இருக்கிறது, மூக்கு இன்னும் முடிவாகவில்லை.

ஸ்டெபிலைசரை உச்சத்தில் வைப்பது

கை நடுக்கத்தைச் சமன் செய்கிற வசதி இது. கோடு நடுங்காமல் வரும், உண்மைதான். ஆனால் உங்கள் கைக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும், எல்லாக் கோடும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் ஒயர் ஆகிவிடும். குறைத்து வையுங்கள், நடுக்கம் கொஞ்சம் இருக்கட்டும்.

கறுப்பைக் குழைத்து நிழல்

வெளிநாட்டு வீடியோவில் பீச் நிறத் தோலுக்குக் கொடுத்த நிறங்களை எடுத்து, நம் ஆளுக்காக அதில் கறுப்பைக் கலக்கிறார்கள். மாநிறம் வராது, சாம்பல் பூசிய பண்டாரம்தான் வருவார். அடிப்படை நிறத்தையே செம்பழுப்பில் தேர்ந்தெடுங்கள், நிழலுக்குப் போகும்போது சிவப்புப் பக்கமோ ஊதாப் பக்கமோ கொஞ்சம் நகர்ந்து இருட்டாக்குங்கள். கறுப்பு எங்கே உதவும் என்றால், மேலே ஒரு லேயர் போட்டு முழுக்கக் கறுப்பை நிரப்பி, அந்த லேயரின் பிளெண்டிங் மோடை (கீழே இருக்கிற லேயரோடு அது கலக்கிற விதம்) கலர் என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். முகமும் பின்னால் இருக்கிற சுவரும் ஒரே சாம்பலாக இருந்தால் வேலை பாக்கி என்று அர்த்தம்.

8192 அழுத்த நிலை

பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை வரைகிற டேப்லெட் எத்தனை படியாகப் பிரித்தறியும் என்ற கணக்கு இது, பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 2048 இருந்தாலே தாராளம், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். திரை இல்லாத டேப்லெட் (பலகையில் வரைந்தால் கணினித் திரையில் தெரியும்) வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் பத்து நாள் கை ஒரு பக்கம் கண் ஒரு பக்கம் போகும், கோபத்தில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

திரையில் ஜொலிக்கிற கிளிப்பச்சை

அச்சு மை அந்தப் பச்சையைத் தொடாது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகத்தில் நான்கு மைதான், அதிலும் பளீர் பச்சையும் மின்சார நீலமும்தான் முதலில் அடிவாங்கும். அச்சுக்குப் போகிற வேலை என்றால் தொடக்கத்திலேயே அந்த நான்கு மையில் நிறம் எப்படி வரும் என்று காட்டுகிற சிஎம்ஒய்கே முன்னோட்டத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அஞ்சலையின் கண்டாங்கி நான் வரைந்தபோது கிளிப்பச்சை. புத்தகம் கைக்கு வந்தபோது வேகவைத்த முருங்கைக்கீரை.