இந்தோனேசியாவில் பூப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தோனேசியா போகிறேன் என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அது பாலிதான். கடற்கரை, ஊஞ்சலில் ஒரு போட்டோ, ஒரு நீர்வீழ்ச்சி, அப்புறம் ஷாப்பிங். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்டை நிதானமாகச் சுற்றியவர்களைக் கேட்டால் வேறு விஷயங்களைத்தான் முதலில் சொல்வார்கள். காலைப் பனியில் மலையூர்ப் பூந்தோட்டத்தில் நடந்தது, 'வாருங்' என்ற சின்னச் சாப்பாட்டுக் கடையில் பெச்செல் என்ற கீரை, காய்கறிக் கலவை சாப்பிட்டது, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் சூடாக இஞ்சிப் பானம் குடித்தது. பெரிய செலவில்லாத சந்தோஷங்கள். பலருக்கு இவை வாய்க்காமல் போகின்றன. பூவுக்கென்று ஒரு இடமும் நேரமும் இருப்பதை மறந்து, நம் வசதிக்கு மட்டும் அட்டவணை போடுவதுதான் காரணம்.

பல தீவுகளை ஒரே பயணத்தில் கோத்துவிடப் பார்ப்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. 17,000க்கும் மேற்பட்ட தீவுகள், மூன்று நேர மண்டலங்கள் கொண்ட நாடு அது. ஜாவா மட்டுமே கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளம். வரைபடத்தில் ஒரு விரல் அகலம் தெரிகிற தூரம், மலைப்பாதையில் அரை நாளை விழுங்கிவிடும். பூ என்று வந்தால் கடலோரத்தை விட்டு மேலே ஏற வேண்டும். அதனால் ஒரு மலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜாவாவில் போகோர், சிபோடாஸ், சிபானாஸ் மூன்றும் ஒரே பாதையில் வரும். கிழக்கு ஜாவாவில் மலாங், 'பத்து' என்ற ஊர், புரோமோ எரிமலை. பாலியிலேயே இருக்கிறீர்கள் என்றால் பெதுகுல் போதும். 1959இல் தொடங்கிய 157 ஹெக்டேர் தாவரவியல் பூங்கா அங்கே 1,250 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கடற்கரைக்குப் போட்ட உடையோடு போனால் குளிரும். வடக்கு சுலவேசியில் மனாடோவுக்குப் பக்கத்தில், லோகோன், மஹாவு எரிமலைகளுக்கு நடுவே உள்ள தொமோஹோன் பூ வளர்ப்புக்குப் பேர்போன ஊர். இவற்றில் எது ஒன்றானாலும் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

போகோர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம். ஜகார்த்தாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஜகார்த்தா கோத்தா ரயில் நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினால் கடைசி நிலையம் போகோர்தான். டாக்ஸி பிடித்து நெரிசலில் நிற்க வேண்டியதே இல்லை. அங்குள்ள தாவரவியல் பூங்காவை 1817இல் ரைன்வார்ட் என்ற தாவரவியலாளர் தொடங்கினார். ஊரின் நடுவில் சுமார் 87 ஹெக்டேர். இதைப் பூங்கா என்று கேட்டதும் வரிசை வரிசையாகப் பூப்பாத்திகள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே மரங்கள்தான் ராஜா. வேர்கள் ஆள் உயரத்துக்குப் பலகைபோல் எழுந்து நிற்கும் மரங்கள், குளத்தில் தாம்பாள அளவில் விரிந்த ராட்சத அல்லி இலைகள், ஆர்க்கிட் வளர்க்கும் கூடம். 1848இல் இங்கே நட்ட நான்கு எண்ணெய்ப்பனைக் கன்றுகளின் வாரிசுகள்தான் பிறகு சுமத்ராவிலும் மலேசியாவிலும் தோட்டம் தோட்டமாகப் பரவின. நாம் கடையில் வாங்கும் பாமாயிலுக்கு இந்த மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு என்பதை அந்த இடத்தில் நின்று யோசிக்கும்போது எனக்கு உண்மையாகவே மலைப்பாக இருக்கும். இந்தத் தோட்டத்தை மரத்துக்காகவும் கதைக்காகவும் பாருங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் புல்வெளியில் பாய் விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்து அரை நாள் உட்கார்ந்திருப்பார்கள். நாமும் அப்படி உட்காரலாம்.

நிறம் நிறமாகப் பூதான் வேண்டும் என்றால் இன்னும் மேலே போங்கள். 1852இல் தொடங்கிய சிபோடாஸ் பூங்கா கெடே மலையின் அடிவாரத்தில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு அருகே சிபானாஸ் பக்கத்தில் 1995இல் திறந்த 'தாமான் புங்கா நுசந்தாரா' 35 ஹெக்டேர் பூந்தோட்டம். ரோஜாப் பகுதி, ஜப்பானியத் தோட்டம், செடிகளாலேயே கட்டிய புதிர்ப்பாதை எல்லாம் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் போகோரைவிட இதுதான் சரி.

இந்த மலைப்பாதையில் சனி, ஞாயிறு மட்டும் போகாதீர்கள். சிபோடாஸுக்கும் சிபானாஸுக்கும் புஞ்சாக் மலைச்சாலை வழியாகத்தான் ஏற வேண்டும். வார இறுதியில் ஜகார்த்தாவே அங்கே கிளம்பி வந்துவிடும். நெரிசலைச் சமாளிக்கக் காவல்துறை சாலையை ஒருவழிப் பாதையாக மாற்றி மாற்றித் திறந்துவிடும்; உங்கள் திசை அடைபட்டால் மணிக்கணக்கில் வண்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் போய்வாருங்கள். 'லெபாரான்' என்று அவர்கள் கொண்டாடும் நோன்புப் பெருநாளை ஒட்டிய நாட்களிலும் இதே நிலைமைதான், நாடு முழுக்க. அந்தப் பெருநாள் ஒவ்வொரு ஆண்டும் 10, 11 நாட்கள் முன்னால் நகரும் என்பதால், போன வருடக் கணக்கு இந்த வருடத்துக்கு உதவாது.

நேரமும் முக்கியம். போகோருக்கு 'மழை நகரம்' என்றே பெயர். கோடை மாதங்களிலும் பிற்பகலில் இடி இடித்துக் கொட்டும். ஆகவே காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மெதுவாகப் போகலாம் என்பது இங்கே எடுபடாது.

மழைக்காலம் என்றாலே பயணத்துக்கு ஆகாது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், அதுதான் சுற்றுவதற்கு வசதி. ஆனால் எல்லாப் பூவும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. யோக்யகார்த்தாவுக்கு அருகே குனுங்கிடுலில் அமரில்லிஸ் செடிகள் முதல் மழை விழுந்த பிறகு, நவம்பர் வாக்கில்தான் தரையே தெரியாமல் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். சில வாரங்களில் முடிந்துவிடும். பாலியில் பெசாகி கோயில் பக்கத்துத் தெமுகுஸ் கிராமத்தில் 'கஸ்னா' என்ற வெண்பூவைக் கலுங்கான் பண்டிகைக்காகவே பயிரிடுகிறார்கள். கலுங்கான் 210 நாட்களுக்கு ஒருமுறை வருவது. பண்டிகைக்குச் சற்று முன்னால் போனால் வயல் வெள்ளையாக இருக்கும். அறுவடை முடிந்தபின் போனால் வெறும் தட்டைதான். பூ இப்போது இருக்கிறதா என்று தங்கும் விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புவதில் என்ன கஷ்டம்?

பெரிய பூவைத் தேடிச் சுமத்ரா போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு பூக்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ரஃப்லீசியா தரையோடு தரையாகச் சிவப்பாக விரியும். ஒரு மீட்டர் அகலம்கூட வரும். இலை, தண்டு எதுவும் கிடையாது. ஒரு காட்டுக்கொடியின் உடம்புக்குள் ஒட்டுண்ணியாக வாழ்வது. டைட்டன் ஆரம் என்பது வேறு: கிழங்கிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே எழும் பூங்கொத்து. இரண்டும் பிணநாற்றம் வீசும், அதனால்தான் குழப்பம். ரஃப்லீசியா மொட்டு முதிர்வதற்குப் பல மாதங்கள் ஆகும். விரிந்தால் ஒரு வாரம் தாங்குவதே அதிகம். பெங்குலுவின் மலைச்சாலையிலும் புக்கித்திங்கி அருகே பாலுபு பக்கத்திலும், பூ விரிந்திருந்தால் ஊர்க்காரர்களே அழைத்துப் போவார்கள். காட்டுக்குள் அவர்கள் கால் வைத்த இடத்திலேயே நீங்களும் கால் வையுங்கள். முட்டைக்கோஸ் மாதிரி தரையில் கிடக்கும் மொட்டுகளை மிதித்துவிட்டால் பல மாதக் காத்திருப்பு வீணாகிவிடும்.

மிதிப்பது என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன், எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். குனுங்கிடுலில் நான் சொன்ன அந்த அமரில்லிஸ் தோட்டம் 2015 நவம்பரில் சமூக வலைதளங்களில் பரவியது. கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் போட்டோவுக்காகப் பூக்களின் மேலேயே உட்கார்ந்தார்கள், படுத்தார்கள். தோட்டம் நசுங்கிப்போனது. 2023 செப்டம்பரில் புரோமோவில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கப் பற்றவைத்த புகைக்குச்சியிலிருந்து தீப்பிடித்து, நூற்றுக்கணக்கான ஹெக்டேர் புல்வெளி எரிந்தது. ஒரு படத்துக்காக இவ்வளவு! பாத்திக்கு வெளியே நின்று எடுத்தாலும் படம் அழகாகத்தான் வரும்.

அதே மலைகளில் ஜாவா எடெல்வைஸ் என்ற வெண்பூவைப் பார்ப்பீர்கள். தேசியப் பூங்காவுக்குள் அதில் ஒரு காம்பைக்கூடப் பறிக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். புரோமோ சரிவில் தெங்கெர் மக்கள் வாழும் வோனோகித்ரி கிராமத்தில், தங்கள் சடங்குகளுக்கு வேண்டும் என்பதால் அதைத் தனியாகப் பயிரிட்டே வளர்க்கிறார்கள். ஆசையாக இருந்தால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

பாலியில் தெருவெல்லாம், கடை வாசலெல்லாம் தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டுகளில் பூ வைத்திருப்பார்கள். அதுதான் 'சனாங் சாரி', தினசரிப் படையல். கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திசை, ஒரு தெய்வம். அவசரத்தில் அதைத் தாண்டிப் போவதும் காலால் ஒதுக்குவதும் அங்குள்ளவர்களைப் புண்படுத்தும். சுற்றிப் போங்கள். விடியற்காலையில் டென்பசாரின் பாடுங் சந்தைக்குப் போனால், இந்தப் படையலுக்கான செண்டுமல்லியும் காசித்தும்பையும் கூடை கூடையாக விற்பதைப் பார்க்கலாம். பாலியில் ஆண்களும் பெண்களும் காதோரம் செருகிக்கொள்ளும் அரளி இனத்துக் கம்போஜாப் பூவின் மரம், ஜாவாவில் பெரும்பாலும் இடுகாடுகளில் நிற்பது. ஒரு தீவில் பார்த்ததை வைத்து இன்னொரு தீவில் நடந்துகொள்ளாமல் இருப்பது நல்லது.

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு இழப்புதான். ஜாவாவின் பெச்செலில் வெந்த கீரை, காய்கறிகளோடு அகத்திப்பூவும் சேரும், மேலே வேர்க்கடலைச் சாறு. மனாடோ பக்கம் பப்பாளிப்பூவை வதக்கித் தருவார்கள், லேசான கசப்போடு. பாலியில் காட்டு இஞ்சிப்பூவை நறுக்கிச் 'சம்பல்' என்ற காரத் துவையல் செய்வார்கள். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறி மட்டும் என்று கேட்டு வாங்கினாலும் சம்பலிலும் கடலைச் சாறிலும் 'தெராசி' என்ற இறால் விழுது கலந்திருக்கலாம். "தன்பா தெராசி", அதாவது தெராசி இல்லாமல், என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைக்காரரை 'பாக்' என்றும் கடைக்கார அம்மாவை 'இபு' என்றும் அழைத்துக் கேட்டால் முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

காசு விஷயம் சுருக்கமாக: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் விசா வந்திறங்கியதும் 5,00,000 ரூபியாவுக்குக் கிடைக்கிறது. பாலிக்கு 2024 பிப்ரவரி முதல் தனியாக 1,50,000 ரூபியா கட்டணம் உண்டு. பூஜ்ஜியங்கள் தலையைச் சுற்றவைக்கும். 10,000 தாளையும் 1,00,000 தாளையும் பர்ஸில் தனித்தனியாக வையுங்கள். பார்க்கிங்குக்கும் சின்னக் கடைகளுக்கும் சில்லறைத் தாள்கள் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, செடி வாங்கும் ஆசை. 'பத்து' என்ற அந்த ஊரின் நாற்றங்கால்களில் ஆர்க்கிட் தொட்டிகளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆனால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் செடியையோ விதையையோ இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது, விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும். அதற்குப் பதில் மல்லிகைத் தேயிலை வாங்குங்கள். இந்தோனேசியா 1993இல் தன் தேசியப் பூக்களில் ஒன்றாக அறிவித்த மல்லிகை, நம் மதுரை மல்லியின் அதே இனம். ஜாவாவில் மணப்பெண்ணின் கொண்டையிலிருந்து சரம் சரமாகத் தொங்குவதும் அதுதான். மத்திய ஜாவாவின் வடகரையில் தெகால் பக்கம் அதன் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து மணமேற்றுகிறார்கள். மண் கூஜாவில் வடித்து, கற்கண்டு போட்டுக் குடிப்பார்கள். விமான நிலையக் கடைகளில் தேட வேண்டாம், ஊர்ச் சந்தையின் எந்த மளிகைக் கடையிலும் காகிதப் பொட்டலமாகக் கிடைக்கும், விலையும் குறைவு.