ஊர்ப் பெயர் தாங்கிய கைவினைக்குப் புவிசார் குறியீடு பெறும் முறை

ஊரின் பெயரோடு சேர்த்தே அறியப்படும் கைவினைப் பொருளைப் போலிகளிடமிருந்து காக்க, 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் வழி செய்கிறது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருப்பதால் நம் கைவினைஞர்களுக்கு அலைச்சல் குறைவு.

தனியொருவர் தமக்காக மட்டும் இந்தக் குறியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர்களின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் சங்கமோ சட்டப்படி அமைந்த அமைப்போதான் விண்ணப்பிக்கலாம் என்பதால், முதலில் சங்கத்தைச் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று பெரிய பட்டறைக்காரர்கள் மட்டும் கூடித் தொடங்காமல், கூலிக்கு வேலை செய்பவர்களையும் வீட்டிலிருந்தபடி செய்யும் பெண்களையும் உறுப்பினராக்குவதே நியாயம். பின்னாளில் ஆட்சேபணை எழும் வாய்ப்பும் அதனால் குறையும்.

விண்ணப்பத்தின் உயிர், பொருளின் தனித்தன்மைக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பை நிறுவும் அறிக்கையில் இருக்கிறது. 2022இல் குறியீடு பெற்ற, தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தை அங்குள்ள ஆசாரிகள் தேடி வாங்கிக் கடைகிறார்கள், நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுத்த மத்திமம் ('ம' ஸ்வரத்தின் ஒரு வகை) பிசகாமல் ஒலிக்கும் பாரி நாகஸ்வரத்தை (நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த வகை) உருவாக்கியவர் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி. மூலப்பொருள், கைத்திறன், வரலாறு ஆகிய மூன்றையும் இப்படிக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமே தவிர, "தொன்மையானது, அழகானது" என்று எழுதுவதால் பயனில்லை. பழைய ரசீதுகள், அரசிதழ்க் குறிப்புகள், மூத்த கைவினைஞர்களின் வாக்குமூலங்கள் ஆகியவற்றை இப்போதே திரட்டத் தொடங்குங்கள்.

உற்பத்திப் பகுதியின் வரைபடம், உறுதிமொழிப் பத்திரம், தரத்தைச் சோதிக்கும் ஏற்பாடு பற்றிய விவரம் ஆகியவற்றையும் இணைக்க வேண்டும். ஆய்வில் ஏற்கப்பட்ட விண்ணப்பம் புவிசார் குறியீட்டு இதழில் வெளியாகும். பிறர் எதிர்ப்புத் தெரிவிக்க மூன்று மாத அவகாசம் உண்டு. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

பல ஊர்களில் பாராட்டு விழாவோடு வேலை நின்றுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குறியீடு சங்கத்தின் பெயரில் பதிவானாலும், ஒவ்வொரு கைவினைஞரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' எனத் தனியே பதிவு செய்துகொண்டால்தான் அதைப் பயன்படுத்தும் உரிமையும், போலி விற்பவர்மீது தாமே வழக்குத் தொடரும் உரிமையும் அவருக்குக் கிடைக்கும். இதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆகவே சங்கமே ஒரு நாள் குறித்து, எல்லா உறுப்பினர்களின் படிவங்களையும் அடையாளச் சான்றுகளையும் ஒருசேர வாங்கி அனுப்பிவிடுவது நல்லது. போலியான குறியீட்டைப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. சந்தையில் போலியைக் கண்டால் அதை விலைக்கு வாங்கி, ரசீதோடு பத்திரப்படுத்திவிட்டுப் புகார் எழுதுங்கள்.