பொதுமுடக்க நாட்களில் வாசிப்பும் வீடியோ கேமும்

வீட்டிலேயே இருக்கும் நாட்களில் புத்தகம், கேம் இரண்டும் வேண்டுமென்றால் வாசிப்பை முதலில் வையுங்கள். வேகமாக மாறும் காட்சிகளில் ஒன்றரை மணி நேரம் மூழ்கி எழுந்த பிறகு அச்செழுத்தில் மனம் நிற்காது. நான்கு வரி தாண்டுவதற்குள் கை மறுபடி கன்ட்ரோலரைத் தேடும்.

போனில் வாசிப்பவர்கள் பிடிஎஃப்பை விட்டுவிட்டு இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பை இறக்குங்கள். பிடிஎஃப்பில் பக்கம் அச்சிட்ட அளவிலேயே நிற்பதால், வரிக்கு வரி பெரிதாக்கி நகர்த்த வேண்டியிருக்கும். இபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். பழந்தமிழ் நூல்கள் வேண்டுமா? 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேமை நிறுத்துவதுதான் கடினம். முடிக்க வேண்டிய நேரத்துக்கே அலாரம் வைத்தால் அது பாதிச் சண்டையில் அடிக்கும், எழ மனம் வராது. 15 நிமிடம் முன்னதாக வைத்து, அடித்த பிறகு வரும் முதல் சேவ் பாயின்ட்டில், அதாவது ஆட்டத்தைப் பதிவு செய்யும் இடத்தில், நிறுத்துங்கள். ஆட்டம் தானாகப் பதிவாவதைக் காட்டும் ஆட்டோசேவ் சின்னம் திரையில் சுழலும்போது மட்டும் கருவியை அணைக்காதீர்கள். சேவ் கோப்பு கெட்டுவிடலாம்.

திரையில் வாசித்தாலும் விளையாடினாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறைவதால்தான் கண் உலர்கிறது. அந்த இடைவெளியில் பத்துப் பதினைந்து முறை நன்றாக மூடித் திறந்துவிட்டுத் தொடருங்கள்.