'சரி' சொன்னது யார்? சொந்தமாக டிசைன் வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

இங்கே சிங்கப்பூரில் பாலிடெக்னிக் முடித்து, ஒன்றிரண்டு வருடம் ஏதாவது ஏஜென்சியில் இருந்துவிட்டு, "இனிமேல் சொந்தமாகவே செய்யப்போறேன் அக்கா" என்று வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். ஒருவர் டிசைன் செய்கிறார், ஒருவர் வீடியோ எடிட்டிங், இன்னொருவர் கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறார். வேலைதான் வேறு வேறு, விழுகிற குழி ஒன்றுதான். அதன் ஆழம் எனக்கும் தெரியும் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முன்பணம் வாங்குங்கள், விலையை எழுதிக் கொடுங்கள், சொன்ன தேதியில் முடியுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லித்தராத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச வேண்டும்.

கடைசியாகச் 'சரி' சொல்பவர் யார் என்று கேட்காமல் தொடங்குவது

உங்களுக்கு வேலை கொடுப்பவரும் அந்த வேலையை ஏற்றுக்கொள்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. சின்னக் கடையென்றால் கடைக்காரரின் மகள் பேசுவார், அப்பா முடிவு செய்வார். கல்யாண அழைப்பிதழ் என்றால் மாப்பிள்ளை பேசுவார், முடிவு எங்கிருந்து வரும் என்று உங்களுக்கே தெரியும். சங்கம், கோயில், சமூக மன்றத்து நற்பணிக் குழு என்றால் செயலாளர் பேசுவார். முடிவு ஒரு கமிட்டியிடம் இருக்கும், அந்தக் கமிட்டி எப்போது கூடும் என்பது கமிட்டிக்கே தெரியாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சங்கத்தின் ஆண்டு மலர் வேலை எனக்கு வந்தது. செயலாளர் தங்கமான மனிதர். பக்கம் அனுப்பினால் உடனே பார்ப்பார், வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். சந்தேகம் கேட்டால் வேலை நேரத்திலும் பதில் வரும். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்க மாட்டாரா என்று நாம் ஏங்குவோமே, அப்படிப்பட்டவர். கடைசிப் பக்கத்துக்கும் கட்டைவிரல் வந்தது. பிடிஎஃப் அச்சகத்துக்குப் போனது, பிளேட்டும் (அச்சுத் தகடு) போட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பொருளாளர் கூப்பிட்டார். "தங்கச்சி, தலைவர் இன்னும் பார்க்கலையே?"

தலைவர் பார்த்தார். சிறப்பு விருந்தினரான நாடாளுமன்ற உறுப்பினரின் வாழ்த்துரை தலைவர் உரைக்கு முன்னால் வர வேண்டுமாம். அதிகப் பணம் கொடுத்த நன்கொடையாளரின் விளம்பரம் உள்ளே எங்கேயோ போயிருக்கிறதாம், அது பின்னட்டைக்கு வர வேண்டுமாம். ஒருவர் பெயருக்கு முன்னால் 'முனைவர்' விட்டுப்போயிருக்கிறதாம். குழுப் படத்தில் துணைத்தலைவர் ஓரமாக நிற்கிறாராம், வேறு படம் இருக்கிறதாம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான். முதல் நாளே சொல்லியிருந்தால் கால் மணி நேர வேலை.

அச்சு வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு பிளேட். பெரிய தாளில் பக்கங்களை எட்டு எட்டாகவோ பதினாறு பதினாறாகவோ அடுக்கித்தான் பிளேட் போடுவார்கள். வெறும் கறுப்பு எழுத்தில் ஒரு திருத்தம் என்றால் கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். 'முனைவர்' அந்த வகை. படம் மாறினாலோ நான்கு பிளேட்டும் புதிதாகப் போட வேண்டும். விளம்பரம் உள்ளேயிருந்து பின்னட்டைக்குப் போனால் இரண்டு தாள்கள் மாட்டிக்கொள்ளும். தலைவர் சொன்ன நான்கு திருத்தங்களும், எண்ணி வைத்தாற்போல, வெவ்வேறு தாள்களில் விழுந்தன.

செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வந்ததும், "டிசைனர் நீங்கதானே, நீங்கதான் கேட்டிருக்கணும்" என்றார்கள். செயலாளர் வாயைத் திறக்கவில்லை. அவர் பொய் சொன்னவரும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்தக் கட்டைவிரலுக்கு 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று அர்த்தம், நான் அதை 'அச்சுக்கு அனுப்பலாம்' என்று எடுத்துக்கொண்டேன். பாதிப் பணம் என் தலையில் விழுந்தது. பணம் போனது மறந்துபோயிற்று, அந்தக் கட்டைவிரலை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

இதே கதையைச் சமீபத்தில் ஒரு தம்பியின் கைப்பேசியில் பார்த்தேன். அவனைக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவிலேயே சேர்த்துவிட்டிருந்தார்கள். தீபாவளி நிகழ்ச்சிக்கு ஒரு சுவரொட்டி. ஒரு அங்கிள் குரல் பதிவில் குத்துவிளக்கைப் பெரிதாக்கச் சொல்கிறார். அடுத்த பதிவில் ஒரு ஆன்ட்டி, "விளக்கு எல்லாரும் போடுறாங்க, எடுத்துடுங்க" என்கிறார். இன்னொருவர் படத்தின் மேல் விரலால் சிவப்பு வட்டம் போட்டு, "இந்த நேரம் தப்பு" என்று எழுதியிருக்கிறார். அது இரண்டு பதிப்புக்கு முந்திய படம், நேரத்தை எப்போதோ திருத்தியாகிவிட்டது. தம்பி எல்லாருக்கும் தனித்தனியாக "நன்றி அங்கிள், மாத்திடுறேன்", "நன்றி ஆன்ட்டி, மாத்திடுறேன்" என்று பதில் போட்டுக்கொண்டிருக்கிறான். கல்யாண வீட்டுச் சமையற்காரரிடம் ஆளாளுக்கு வந்து உப்புப் பார்த்துச் சொல்வார்களே, அந்தக் கதைதான். சாம்பார் என்ன ஆகும் என்று கேட்கவா வேண்டும்?

அவனுக்கு நான் சொன்ன முதல் காரியம், அந்தக் குழுவை விட்டு வெளியே வா என்பதுதான். "கோவிச்சுக்குவாங்களே அக்கா" என்றான். நம் ஆட்களிடம் உள்ள சிக்கல் இதுதான். பெரியவர்களிடம் 'நீங்கள் முடிவு செய்கிறவர் இல்லையே' என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியதே இல்லை, கேட்டால் போதும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, சிரித்த முகமாக, "அங்கிள், அச்சுக்குப் போறதுக்கு முன்னால கடைசியா யார் பார்த்துச் சொல்வாங்க? அவங்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டுடலாமா?" என்று கேளுங்கள். இதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. தலைவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

பெயர் கிடைத்ததும் அதை மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். நான் எழுதுவது இவ்வளவுதான்: இன்னார் ஒப்புதல் தந்தால்தான் அச்சுக்குப் போகும். கமிட்டியின் கருத்துகளையெல்லாம் நீங்களே தொகுத்து ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். இரண்டு சுற்றுத் திருத்தம் விலையில் அடக்கம், மூன்றாவது சுற்றிலிருந்து தனிக் கட்டணம். பிளேட் போட்ட பிறகு வரும் மாற்றத்தின் செலவு உங்களுடையது. பெயர்களும் பட்டங்களும் நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பியபடியே இருக்கும்.

ஒப்புதலும் கட்டைவிரலாக வரக்கூடாது. பிடிஎஃப் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் தேதியையும் போட்டு அனுப்பி, "இந்தப் பதிப்பை அச்சுக்கு அனுப்பலாம்" என்ற ஒரு வரியை எழுதி வாங்குங்கள். பதிப்பு எண் இல்லாவிட்டால், சரி சொன்னது எந்தக் கோப்புக்கு என்று அடுத்த சண்டை கிளம்பும். குரல் பதிவில் வரும் திருத்தத்தை நீங்களே எழுத்தாக்கி, "இதைத்தானே சொன்னீர்கள்?" என்று திருப்பி அனுப்புங்கள். பாதித் திருத்தங்கள் அங்கேயே வாபஸ் ஆகிவிடும். தாங்கள் பேசியதை எழுத்தில் பார்த்ததும் மனிதர்களுக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

பணம் வராமல் விவகாரம் முற்றினாலும் வந்து நிற்கிற இடம் இதுதான். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. விவகாரம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நீங்களேதான் பேச வேண்டும். அதற்கு முன் சமரசம் பேசிப் பார்க்க, சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி சுயதொழில் செய்பவர்களுக்கும் உதவுகிறது, எதிர்த்தரப்பு உட்கார ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே போனாலும் முதல் கேள்வி, என்ன பேசி முடித்தீர்கள், யார் ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான். பன்னிரண்டு பேர் உள்ள குழுவின் அரட்டையை அச்செடுத்துக்கொண்டு போய் அதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

இலவச மாதிரி

செய்யாதீர்கள்.

தமிழ் எழுத்தை அச்சகத்தின் கையில் விட்டுவிடுவது

அச்சகத்தில் கோப்பைத் திறப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. எழுத்து கலைந்திருந்தாலும் அவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழி எழுத்துகளை ஒழுங்காக அடுக்கும் 'வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். 'கெ' என்று அடித்தது கால் முறிந்த பூச்சி மாதிரி தெரியும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இதற்குத் தனி அமைப்பு உண்டு, தேடிப் போடுங்கள்.

அனுப்பும் பிரதியில் தமிழை அவுட்லைனாக மாற்றிவிடுங்கள். எழுத்து வெறும் வடிவமாகிவிடும், எந்தக் கணினியில் திறந்தாலும் கலையாது. திருத்தக்கூடிய பிரதி தனியாக உங்களிடம் இருக்கட்டும். அப்புறம், வாடிக்கையாளர் தருகிற பழைய கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். மாற்றும் மென்பொருள் தருவதை அப்படியே நம்ப வேண்டாம்.

பதிப்புரிமைச் சட்டம் பழைய மாதிரியே இருக்கிறது என்று நினைப்பது

2021 நவம்பர் 21க்கு முன்னால், ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் பதிப்புரிமை பொதுவாக அவருக்கே போனது. அன்று நடப்புக்கு வந்த புதிய சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படைத்தவரே முதல் உரிமையாளர். படைத்தவர் என்று பெயர் போடச் சொல்லும் உரிமையும் வந்தது. கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு நல்ல செய்தி.

ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்பதைப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் அனுப்பும் படிவத்தில், எல்லா உரிமையும் எங்களுக்கே என்ற வரி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் தந்தது போயிற்று. கொடுப்பது தவறில்லை, விலை சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு.

பயிற்சி வகுப்பே வேலை என்றாகிவிடுவது

25 வயது நிறைந்த சிங்கப்பூரர்களுக்கு அரசின் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் வகுப்புக் கட்டணத்துக்கு 500 வெள்ளி கிடைக்கிறது. நல்ல திட்டம், பயன்படுத்துங்கள். ஆனால் வேலை வராத மாதங்களில் வாடிக்கையாளரைத் தேடிப் போகப் பயந்து, வகுப்பு மேல் வகுப்பாகச் சேர்கிற சிலரைப் பார்க்கிறேன். சான்றிதழ் சேருகிறது, இன்வாய்ஸ் சேரவில்லை. பழைய வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு செய்தி அனுப்ப அரை மணி நேரம் போதும்.

வீட்டிலேயே அடைந்து கிடப்பது

நூலகத்துக்குப் போங்கள். மேசையும் குளிரூட்டியும் இலவசம்.

சம்பளக் கணக்கை அப்படியே விலையாகப் போடுவது

"ஏஜென்சியில் மாதம் இவ்வளவு வாங்கினேன், அதை நாளால் வகுத்தேன்" என்று விலை சொல்கிறார்கள். சம்பள வேலையில் 55 வயது வரை முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு மத்திய சேம நிதியில் போடுவார். இப்போது அந்த ஆள் இல்லை. மருத்துவ விடுப்பு, ஆண்டு விடுப்பு, மென்பொருள் சந்தா எல்லாம் உங்கள் கணக்கில்தான். வருடத்துக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்கு நீங்களே கட்ட வேண்டும். மொத்தமாகக் கட்டச் சிரமமென்றால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ஜைரோ வழியாகத் தவணையில் கட்டலாம். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு நாளுக்கு என்ன விலை என்று சொல்லுங்கள்.

வேலை அனுமதியில் இருந்துகொண்டு தனியாகவும் வேலை எடுப்பது

வேறொரு நிறுவனத்துக்கான அனுமதியில் இங்கே இருப்பவர்கள் தனியாக வேலை எடுக்கக்கூடாது. "நண்பருக்காகத்தான்" என்பது பதில் ஆகாது.

வரிக் கணக்கை ஏப்ரலுக்குத் தள்ளுவது

இணையத்தில் வருமான வரிக் கணக்கு கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 18. நமக்கு அதே ஏப்ரலில் தமிழ்மொழி விழா. சுவரொட்டி, மேடைத் திரை, நிகழ்ச்சி நிரல் என்று வேலை குவிகிற மாதம். மார்ச் 1ஆம் தேதியே பக்கம் திறந்துவிடுகிறது, அந்த வாரமே முடித்துவிடுங்கள். ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். கைப்பேசிவழிப் பணமாற்றமான பேநவ்வில் பணம் வாங்கும்போது எந்த இன்வாய்ஸுக்கு என்று குறிப்பில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "நன்றி தம்பி" என்று மட்டும் எழுதி வந்த 350 வெள்ளி யாருடையது என்று மார்ச்சில் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும்.