மாசமா இருக்கும்போது ஃபிட்ஸ் வந்தா டாக்டர்கிட்ட என்னென்ன சொல்லணும்

அஞ்சு மாசத்துக்கு மேல ஃபிட்ஸ் வந்தா டாக்டருங்க முதல்ல எக்லாம்சியா, அதாவது மாசமா இருக்கும்போது பிபி ஏறி வர்ற ஃபிட்ஸ்னுதான் எடுத்துக்குவாங்க, அத நிறுத்த மெக்னீசியம் சல்ஃபேட்னு மருந்து போடுவாங்க. அது சரிதான், ஏன்னா அதுதான் அதிகம், லேட்டானா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. ஆனா அபூர்வமா மூளைக்கட்டியும் இதே வேஷத்துல வரும், தலைவலி, வாந்தி, கண்ணு மங்குறது, ஃபிட்ஸ் எல்லாம் ரெண்டுக்கும் பொது. சத்தமில்லாம கிடந்த மெனிஞ்சியோமா (மூளைய மூடியிருக்குற உறைல வர்ற கட்டி) மாதிரி கட்டி, மாசமா இருக்கும்போது ஹார்மோனாலயும் உடம்புல நீர் கோக்குறதாலயும் பெருசாகி அப்பதான் வெளிய தெரியும்.

பொதுவா எக்லாம்சியானா பிபி 140/90க்கு மேல போகும், யூரின்ல புரோட்டீன் வரும். ரெண்டும் நார்மலா இருந்து, இல்ல 20 வாரத்துக்கு முன்னாடியே ஃபிட்ஸ் வந்தா, வேற காரணமும் தேடணும். அதுக்காக வீட்டுலயே முடிவு பண்ணாதீங்க, மண்டைக்குள்ள பிரஷர் ஏறினாலும் பிபி ஏறும்.

உங்க வேலை நடந்தத சொல்றதுதான். தலைவலி எப்பலேருந்து, காலைல எழுந்ததும் அதிகமா, இருமினா குனிஞ்சா கூடுதா? நாலாம் மாசத்தோட நின்ன வாந்தி திரும்ப வந்துச்சா? டீ டம்ளர் ஒரே கையிலேருந்து நழுவுறது, ஒரு கால் செருப்பு மட்டும் கழண்டுக்கிட்டே போறது, பேச்சு குழறுறது, இதெல்லாம் "மாசமா இருக்கா, அசதி"னு மாமியாரும் நாத்தனாரும் தள்ளிவிடுற விஷயம், ஆனா டாக்டருக்கு இதுதான் துப்பு. ஃபிட்ஸ் எந்தப் பக்கம் முதல்ல துடிச்சுதுன்னு பாருங்க, முடிஞ்சா யாராவது ஒருத்தர் போன்ல வீடியோ எடுங்க.

வந்த நேரத்துல இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வைங்க, சாவிக்கொத்தும் வேணாம், வாயில தண்ணியும் வேணாம், மந்திரிக்கிறத அப்புறம் வச்சுக்கலாம். வடசென்னைல எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கிற நேரத்துல ஆட்டோவ நம்பாம 108க்கு அடிச்சு "கர்ப்பிணி, ஃபிட்ஸ்"னு சொல்லுங்க. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியோட சேர்ந்த பிரசவ ஆஸ்பத்திரிதான், அங்கயோ வேற எங்கயோ, செக்கப் நோட்டு, பழைய பிபி, யூரின் ரிப்போர்ட் எல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஸ்கேன் சொன்னா "வயித்துல புள்ள இருக்கே"ன்னு கையெழுத்து போடாம நிக்காதீங்க. எம்ஆர்ஐல கதிர்வீச்சே கிடையாது, தலைக்கு எடுக்குற சிடில குழந்தைக்குப் போறது ரொம்ப ரொம்ப கம்மி. டெலிவரிக்கு அப்புறமும் ஆறு வாரம் வரைக்கும் எக்லாம்சியா வரலாம், ஆனா பிபி இறங்கியும் தலைவலி விடலைன்னா, டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடி "தலைக்கு ஒரு ஸ்கேன் தேவைப்படுமா டாக்டர்"னு நீங்களே கேட்டுருங்க.